மண்டோரைக் கிண்டல் செய்யாத வருஷம்

போன மாதம் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று கேட்டு ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். நான் அந்தக் காலத்தில் நாடகங்களில் பபூன் வேஷம் கட்டியவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“அங்கிள், பத்து நிமிஷம் ஜோக்கா பேசுனா போதும். ஆனா யாரையும் ஹர்ட் பண்ணிடாதீங்க லா” என்றார்.

கையில் ஒரு தாள் வைத்திருந்தார். எதைப் பற்றியெல்லாம் பேசக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ஊர், சாதி, மதம், மொழி, நிறம், உடம்பு, மாமியார். கடைசியாகக் கமிட்டித் தலைவர். மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “சாப்பாடு பத்திப் பேசலாம் அங்கிள்” என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, “சைவம் சாப்பிடுறவங்களும் இருப்பாங்க, பாத்துக்குங்க” என்றார்.

நல்ல பிள்ளைதான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, களைப்புத்தான். மறுநாள் போன் செய்து உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு தாளை நானும் என் கையால் எழுதியவன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் என் மனைவியின் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு எப்போதும் தெம்பு இருந்ததில்லை. இப்போதும் இல்லை. எழுதத்தான் முடிகிறது.

யுத்தத்துக்கு முன்பு நான் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு வேலைக் களத்தில் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தா. சாலை போடுகிறவர்களுக்கும் சாக்கடை வெட்டுகிறவர்களுக்கும் காலையில் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக் கொடுப்பேன், சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்பேன். களத்துக்குப் பின்னால் வரிசையாக லயன் வீடுகள். எங்கள் எல்லாருக்கும் குடியிருப்பு அங்கேதான். என் மனைவியின் தம்பியும் எங்களோடுதான் இருந்தான். அவனுக்கு இருபத்தாறு வயது, சாக்கடை வெட்டும் கும்பலில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. என் மனைவிக்குப் பிறந்த வீட்டு உறவு என்று இந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

சித்திரை பிறந்ததும் லயன்காரர்கள் சேர்ந்து ஒரு புராண நாடகம் போடுவோம். ராஜாவாக யார் வந்தாலும் கூட்டம் வருவது பபூனுக்காகத்தான். நான் பபூன். எனக்கு ஜோடியாகப் பெண் வேஷம் கட்டுகிறவன் என் மனைவியின் தம்பி. அக்காளின் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு அவன் மேடையில் இடுப்பை ஒடித்து நடந்தால் கிழவர்களுக்கே முகம் சிவக்கும். கதைக்கு நடுவே புகுந்து நாங்கள் இரண்டு பேரும் லயன்காரர்களை ஒருவர் விடாமல் கிழித்துத் தொங்கவிடுவோம். யார் கடன் சொல்லி மீன் வாங்குகிறார், யார் தலைக்கு மை பூசுகிறார், யார் பெண்டாட்டிக்குப் பயந்து குழாயடிக்குப் போகிறார் என்று எல்லாம் மேடைக்கு வரும்.

அதில் யாருக்கும் கோபம் வராது. எங்கள் பேச்சில் வராமல் போனால்தான் கோபம் வரும். நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஆட்கள் ஸ்டோர் பக்கம் வந்து வெற்றிலையை நீட்டி, “கிராணி, இந்த வருசம் என்னையும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்பார்கள். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவன் முதல் தடவை மேடையில் கிண்டலுக்கு ஆளானால் அன்றிலிருந்து அவன் லயன்காரன். எங்களோடு சேராதவர்களை, எங்களுக்குப் பிடிக்காதவர்களை, நாங்கள் கிண்டலில் தொடவே மாட்டோம்.

முதல் கிண்டல் எப்போதும் மண்டோருக்கு. அத்தனை கும்பலுக்கும் தலைவர் அவர். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். வீட்டில்கூட அவர் வாயைத் திறந்து பேசமாட்டார், ஒரு தடவை ஊதினால் சோறு, இரண்டு தடவை ஊதினால் ரசம், மூன்று தடவை ஊதினால் மோர் என்று நான் ஆரம்பிப்பேன். ஒருநாள் விசிலை வாயில் வைத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு விக்கல் எடுத்துவிடும். நான் விக்கி விக்கி ஊத, என் மனைவியின் தம்பி மண்டோர் மனைவியாக ஓடி ஓடி மோர் ஊற்ற, இலை மிதந்து, சோறு மிதந்து, கடைசியில் மண்டோரே மிதந்து போவார். வருஷா வருஷம் அதே கதைதான். வருஷா வருஷம் முதலில் சிரிப்பவர் மண்டோர்தான். நாடகம் தொடங்குவதற்கு முன்பே வேஷம் போடும் இடத்துக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பிவிடுவார். பதினோரு வருஷம் இப்படி நடந்தது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ஊர்ப் பெயர் சியோனான் ஆயிற்று. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைக்கச் சொன்னார்கள். காலை ஏழு மணிக்கு இருட்டாக இருக்கும். எங்கள் தெருமுனைக் காப்பிக் கடைக்காரர் ஒருநாள் விளக்கை ஏற்றிக்கொண்டே, “சூரியனுக்கு இன்னும் உத்தரவு கைக்குப் போய்ச் சேரலை போல” என்றார். அங்கிருந்த ஏழெட்டுப் பேர் சிரித்தோம். மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினோராம் நாள் திரும்பி வந்தார். முன்பற்கள் இல்லை. அதற்குப் பிறகு அவர் காப்பி மட்டும் ஆற்றினார், ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். யார் என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சிரிப்பு வந்தால் முதலில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம், அதற்குள் சிரிப்பு போய்விடும். அடியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வார்த்தையையும் வாயிலேயே வைத்து உரசிப் பார்த்து வெளியே விடுவது இருக்கிறதே, அது ஆளைத் தேய்த்துவிடும். பசியைவிட அதில்தான் நான் அதிகம் களைத்துப் போனேன் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வருஷம் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். களத்துக்கு இத்தனை பேர் என்று உத்தரவு வரும். ஆபீசில் எழுதி வரும் பெயர்களைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டியவர் மண்டோர். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. மண்டோர் லயன் வழியாக நடந்து வந்தால் பேச்சு நின்றுவிடும், பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அவருக்கும் அது தெரிந்தே இருந்திருக்கும். கல்யாணம் ஆகாதவன், முப்பது வயதுக்கு உட்பட்டவன், வேலைக்குத் தெம்புள்ளவன் என்று பார்த்தால் என் மனைவியின் தம்பி பெயர் எந்தப் பட்டியலிலும் வரவேண்டியது. ஏனோ அதுவரை போன இரண்டு பட்டியலிலும் வரவில்லை. என் மனைவி அதைக் கடவுளுக்கு நன்றி சொல்லித் தீர்த்துக்கொண்டாள். எனக்கோ ஒவ்வொரு நாளும் அடுத்த பட்டியலைப் பற்றிய நினைப்புத்தான்.

அந்த நிலைமையில் சித்திரை வந்தது. முதல் வருஷம் நாடகம் நடக்கவில்லை, இந்தத் தடவை போடலாம் என்று மேலிடத்தில் அனுமதி கிடைத்தது. பட்டப்பகலில் போட வேண்டும், களத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜப்பான் அதிகாரியும் வருவார் என்றார்கள். ஆபீசில் பெரிய கிராணி ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். மாலை வகுப்புக்குப் போய் ஜப்பான் மொழி படித்திருந்ததால் அவர்தான் மொழிபெயர்ப்பு. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்த முறை பகிடி ஒண்டும் வேண்டாம். அவனுக்குப் பக்கத்தில நான்தான் இருக்க வேணும். பகிடிய என்னால விளங்கப்படுத்தேலாது. சனம் சிரிக்கேக்க அவனுக்கு விளங்காட்டி, தன்னைப் பாத்துத்தான் சிரிக்கினம் எண்டு நினைப்பான்.”

கிண்டல் வேண்டாம் என்று அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. அன்று ஸ்டோரில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். சாப்பாட்டுப் பஞ்சம் வேண்டாம். மரவள்ளிக்கிழங்கு வேண்டாம். கடிகாரம் வேண்டாம். மீசை, தொப்பி, வணக்கம் போடுவது, குட்டையான ஆட்கள், எதுவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக மண்டோர் வேண்டாம். உயிரைக் கையில் வைத்திருக்கிறவரை மேடையில் வைத்துச் சீண்ட நான் என்ன மடையனா?

என் மனைவியின் தம்பி தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, “மத்ததெல்லாம் சரி மாமா. மண்டோரை விடாதீங்க” என்றான்.

“ஏன்டா, உனக்கு சயாமுக்குப் போகணும்னு ஆசையா?”

“அவரை விட்டுட்டா அவருக்கு ஒரு மாதிரியா இருக்கும். ஏற்கெனவே யாரும் அவருகூடப் பேசுறதில்லை.”

“அவரு என்ன நினைச்சாலும் பரவாயில்லை. கோபப்படக் கூடாது. அவ்வளவுதான்.”

“சிரிக்க வச்சா யாராச்சும் கோபப்படுவாங்களா மாமா?”

அந்தக் காப்பிக் கடைக்காரரைப் போய்க் கேள் என்று எரிந்து விழுந்தேன். உனக்காகத்தான் இதெல்லாம் என்று அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் இன்னும் சண்டை பிடித்திருப்பான்.

நாடகத்தன்று வேஷம் போடும் இடத்துக்கு வழக்கம்போல ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. அந்தப் பஞ்சத்தில் அதை எங்கே பிடித்தாரோ தெரியவில்லை. நாங்கள் தோலை மட்டும் விட்டுவைத்தோம். அதிகாரி முன்வரிசையில் கத்தியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வரிசையில் மண்டோர், வெளுத்த சட்டையில், மனைவியோடு. அவர்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு இடங்கள் காலியாகவே கிடந்தன.

நான் மேடைக்கு வந்து விழுந்தேன், எழுந்தேன், திரும்ப விழுந்தேன். குரங்கு மாதிரி சொறிந்தேன். அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்த பிறகு எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். பிறகு வழக்கமாக மண்டோருக்குத் திரும்புகிற இடம் வந்தது. அவர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு முன்கூட்டியே வந்துவிட்டது. மனைவியின் முழங்கையை லேசாக இடித்ததையும் பார்த்தேன். நான் அவரைத் தாண்டிப் பார்வையைக் கொண்டுபோய் இன்னொரு தடவை விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அவர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்திருந்தார். நிம்மதி ஆகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

வேஷத்தைக் கலைக்கும்போது என் மனைவியின் தம்பி, “மண்டோர் முகத்தைப் பாத்தீங்களா மாமா?” என்றான். வாயை மூடு என்றேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து, காலையில் களத்தில் ஆட்களை நிறுத்திப் பட்டியல் வாசித்தார்கள். நான் ஸ்டோர் ஜன்னலில் மண்வெட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்காவதாக அவன் பெயர் வந்தது. மறுநாளே லாரி.

மத்தியானம் மண்டோர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பின்கட்டில் மரவள்ளிக்குப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. என்னென்னவோ சொல்லிக் கெஞ்சினேன். அக்காவுக்கு அவன் ஒருத்தன்தான் என்றேன். அவனுக்குப் பதில் நான் போகிறேன் என்றுகூடச் சொன்னேன். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

“ரெண்டு தடவை அவன் பேரு வந்துச்சு கிராணி” என்றார் மண்டோர். “ரெண்டு தடவையும் காய்ச்சல்னு சொல்லி அவன் பேரை நான்தான் அடிச்சேன். யாரும் என்னைக் கேக்கலை. நானாத்தான் செஞ்சேன்.”

“அப்ப இந்தத் தடவை?”

“நான் எழுதலை. வந்தது வந்தபடியே விட்டேன். அடிக்கக் கை வரலை.”

“என்ன தப்பு செஞ்சோம் மண்டோரே?”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். “பதினோரு வருசமா என்னை மேடையில கிழிச்சீங்க. இந்த வருசம் என்ன ஆச்சு?”

“நீங்க கோச்சுக்குவீங்கன்னு பயந்துதான்...”

“அதான். ஜப்பான்காரனுக்கும் பயந்தீங்க, எனக்கும் பயந்தீங்க. அவனும் நானும் ஒண்ணாப் போயிட்டோம். லயன்ல ஒருத்தரும் மூஞ்சியைப் பாக்கறதில்லை. சரி, நாடகத்துலயாச்சும் நம்ம ஆளுன்னு வச்சிருப்பாங்கன்னு எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்.”

அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அந்தப் பாத்தி நடுவில் நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து, நான் அந்த விக்கலை நடித்துக் காட்டினேன். ஊதினேன், விக்கினேன், ஜோடி இல்லாததால் நானே ஓடி நானே மோர் ஊற்றினேன். முழுவதும் நடித்தேன், ஒரு வரி விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அடுப்படி வாசலில் மண்டோர் மனைவி வந்து நின்றாள். அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மண்டோர் சிரிக்கவில்லை. “வேணாம் கிராணி. இப்ப சொன்னா அது வேற” என்றார். பிறகு தணிந்த குரலில், “பட்டியல் காலையிலயே மேல போயிருச்சு. இனி நான் நினைச்சாலும் முடியாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கொத்த ஆரம்பித்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். பல வருஷம் அப்படித்தான் சொன்னேன். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் லயன்காரர்கள் அவர் வீட்டுக் கதவை உடைத்தபோது நானும் கூட்டத்தில் நின்றேன். அவர் குடும்பத்தோடு புக்கிட் பாஞ்சாங் பக்கம் போய்க் காய்கறி போட்டுப் பிழைத்தார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் முதல் இரண்டு பட்டியலிலும் என் மனைவியின் தம்பி பெயரை அடித்தபோது அந்த இடத்தில் வேறு இரண்டு பெயர்கள் ஏறியிருக்கும். அவர்களுக்கும் அக்காள்கள் இருந்திருப்பார்கள். அதைப் பற்றி அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேடையில் நான் மண்டோரைக் கிண்டல் செய்திருந்தால், கூட்டம் சிரிப்பதைப் பார்த்து அந்த அதிகாரி கத்தியை உருவியிருக்கவும் கூடும். எது சரி என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் சரி என்று நினைத்தது எதில் போய் முடிந்தது என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் காலையில் லாரி வந்து நின்றது. என் மனைவியை வெளியே வரவேண்டாம் என்று தடுத்துவிட்டேன், நான் மட்டும் போனேன். பதினான்கு பேர் ஆளுக்கொரு மூட்டையோடு பின்னால் ஏறி நின்றார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. லாரிக்குக் கீழே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றிருந்தான். என் மனைவியின் தம்பி பலகைமேல் கையை ஊன்றிக் குனிந்து என்னைப் பார்த்தான்.

“மாமா, சேலையை அக்காகிட்ட மடிச்சுக் குடுத்துட்டேன். அடுத்த வருசம் நான் வரலைன்னா நீங்களே கட்டிக்குங்க. மீசையை மட்டும் எடுத்துடாதீங்க, அக்காவுக்கு அடையாளம் தெரியாமப் போயிடும்.”

லாரியில் இருந்தவர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அந்த நேரத்திலும் சிரித்தார்கள். சிப்பாய் திரும்பினான். அவன் பார்த்தது லாரியை இல்லை, கீழே நின்ற என்னை. என் மனைவியின் தம்பியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், மேடையில் ஒரு வரியைச் சொல்லிவிட்டு என் பதில் வரிக்காகக் காத்திருப்பானே, அந்தப் பார்வை. நான் சிப்பாய் பக்கம் திரும்பி இடுப்பு வரை குனிந்து வணக்கம் போட்டேன். நிமிரும்போது லாரி தெருமுனைக்குப் போயிருந்தது.

அவன் வரவில்லை. சண்டை முடிந்து திரும்பியவர்களில் ஒருவன், அவன் அங்கே ஒரு கொட்டகையில் பேதியில் போனதாகச் சொன்னான். மழைக்காலத்தில் என்று மட்டும் சொன்னான், தேதி அவனுக்கும் தெரியவில்லை.

லாரி போன அன்று வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கதவு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டாள். சேலையையும் மீசையையும் பற்றிச் சொன்னேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்க சிரிச்சீங்கல்ல?” என்றாள்.

“சிரிச்சேன்” என்றேன்.

“அது போதும் அவனுக்கு” என்றாள்.